சக்கரக் குழிகளில் சேறும் துருவும்

சக்கரக் குழி என்பது மகிழுந்தின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, மட்கார்டின் உட்புறமாகக் கவிந்து நிற்கும் வளைவான பகுதி. சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் இடம் தருவது இதன் வேலை. சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் வண்டியின் மற்ற பாகங்களில் படாமல் தடுப்பதும் இதுவே. அந்தச் சேற்றைத் தானே வாங்கிக்கொள்வதால், ஒரு காரில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேடு போன்ற பகுதிகளில் ஓடும் கார்களுக்குக் கடற்காற்றை விடக் கூடுதலாகக் கேடு செய்வது குழிக்குள் ஒட்டிக்கொண்டு காயாமல் கிடக்கும் சேறுதான்.

கடற்காற்றா, சேறா?

காற்றில் வரும் கடல் உப்பு இரும்பை அரிப்பது உண்மை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் தன் காலம் முழுவதும் துருவோடு போராடியது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடலோர அரிப்பை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையத்தை வைத்திருப்பதும் இதனால்தான். ஆனால் காற்றிலிருந்து படியும் உப்பின் அளவு, கடற்கரையை விட்டு உள்ளே வர வர விரைவாகக் குறைந்துவிடும். திருவொற்றியூரிலும் பெசன்ட் நகரிலும் கடலைப் பார்த்து நிற்கும் காருக்கு உள்ள தொல்லை, கடலிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தள்ளியிருக்கும் மேனாம்பேட்டில் அதே அளவில் இல்லை.

இங்குள்ள தொல்லை வேறு வகை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது முதல் இந்தப் பகுதிச் சாலைகளில் கனரக வண்டிகளின் போக்குவரத்து ஓய்வதில்லை. குழாய் பதிக்கவும் வடிகால் கட்டவும் தோண்டிய சாலைகளில் மண் கிடந்துகொண்டே இருக்கும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் சக்கரக் குழி காய்வதே இல்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நடந்ததைப் போல வெள்ளம் தேங்கினால், மழைநீரோடு கழிவுநீரும் கலந்து குழிக்குள் ஏறும். அதில் கரைந்துள்ள உப்புகள், தண்ணீர் வடிந்த பிறகும் சேற்றோடு அங்கேயே தங்கிவிடும்.

சேற்றுக்கு அடியில் நடப்பது

பள்ளிக்கூடத்தில் மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டு வைக்கும் சோதனை பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீரும் காற்றும் சேர்ந்து இருக்கும் குழாயில் மட்டும் ஆணி துருப்பிடிக்கும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால், சேறு மூடிய இடத்தில் காற்று குறைவாகப் புகுவதால் அங்கே துரு குறைய வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு.

ஈரமான இரும்புத் தகட்டின் ஒரு பகுதியைச் சேறு மூடியிருக்கிறது, பக்கத்துப் பகுதி திறந்திருக்கிறது என்று கொள்வோம். திறந்த பகுதியில் ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும்; சேற்றுக்கு அடியில் அது தீர்ந்துபோகும். இந்த வேறுபாடே தகட்டை ஒரு சிறிய மின்கலமாக ஆக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் நேர்மின்வாயாகி, அங்குள்ள இரும்பு அயனிகளாகக் கரைகிறது. வெளிப்படும் எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகத் திறந்த பகுதிக்குச் சென்று அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. ஆக, குழி விழுவது சேற்றுக்கு அடியில். மேலே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. வீக்கத்துக்குப் பற்றுப் போட்டால் மருந்து தோலோடு ஒட்டி நெடுநேரம் ஈரமாக இருப்பது போல, சேறும் தகட்டின் மேல் பற்றுப் போட்டாற்போல இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வெயில் அடித்து மேல்புறம் வெடித்துக் காய்ந்த பிறகும் உட்புறம் பல நாள் ஈரமாகவே இருக்கும்.

உருவாகும் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளம் போல உப்புவது அதனால்தான்.

சேறு தங்கும் மூலைகள்

இன்றைய கார்களின் தகட்டில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு உண்டு. அதன் மேல் முழு உடலையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தின் உதவியால் அடிப்பெயின்ட் ஏற்றுகிறார்கள். வழவழப்பான பரப்பை இந்தப் பூச்சுகள் நன்றாகவே காக்கும். கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடங்களும் தகடுகள் மடியும் விளிம்புகளும்தான் பலவீனமானவை.

பின்சக்கர வளைவின் விளிம்பில் வெளித்தகடும் உள்தகடும் ஒன்றாக மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பின் உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால், பல கார்களில் ஒரு வரப்பு போலச் சேறு கையில் படும். முன்பக்கத்தில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் துரு வராது என்று எண்ணுவது தவறு. உறைக்கும் மட்கார்டுக்கும் நடுவே, முன்கதவின் கீல் பக்கமாக உள்ள அடிமூலையில் மண்ணும் இலைச் சருகும் இறங்கி அடைந்துகொள்ளும். வேப்பமரம், புங்கமரம், தூங்குமூஞ்சி மரம் ஆகியவற்றின் நிழலில் நிற்கும் கார்களில் இது அதிகம். எலி கூடு கட்டுவதும் அங்கேதான். கதவுகளின் அடியிலும் அதற்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதியிலும் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை சேற்றால் அடைபட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். கண்ணில் படும்போது தகடு பாதி போயிருக்கும்.

கழுவும் முறை

மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், ஜனவரியில் ஒரு முறை முழுமையாகவும் கழுவுவது போதுமானது. ஜனவரிக் கழுவலை எக்காரணத்தைக் கொண்டும் விடக்கூடாது. அப்போது விட்ட சேறு அடுத்த மழை வரை அங்கேயே கிடந்து, ஒவ்வொரு கோடை மழைக்கும் மறுபடி ஊறும்.

காய்ந்த சேற்றைச் சுரண்டினால் பெயின்டில் கீறல் விழும். முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுப் பத்து நிமிடம் ஊற வைத்து, பிறகு நீளக் கைப்பிடியுள்ள பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ள வேண்டும். முன்சக்கரத்தை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வைத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் கையையோ தலையையோ விடக்கூடாது. தாங்கி வைப்பது கட்டாயம். வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவும்போது, அழுத்தத் தண்ணீரை ரப்பர் உறைகளின் மீதும் ஏ.பி.எஸ். உணரிக் கம்பியின் மீதும் நெருக்கமாகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. உறைக்குப் பின்னால் உள்ள மண் இதற்கெல்லாம் அசையாது. ஆண்டுக்கு ஒரு முறை கிளிப்புகளைக் கழற்றி உறையை விலக்கித்தான் அதை எடுக்க முடியும்.

கழுவிய உடனே கவர் போட்டு மூடுவது, கழுவாமல் விடுவதை விட மோசம். பிரேக்கை இடையிடையே மெதுவாக மிதித்தபடி இரண்டு மூன்று கி.மீ. ஓட்டி, நிழலில் காற்றாட நிறுத்தினால் ஈரம் போய்விடும்.

ஆயில் அடிப்பதும் அடிப்பூச்சும்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் டீசலையோ கழிவு ஆயிலையோ அடியில் அடித்துவிடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இதைக் கைவிடுவதே நல்லது. அது ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும். தூசியை ஈர்த்து ஒட்டவைக்கும். பிரேக் தட்டில் பட்டால் வண்டி நிற்காது. கனடாவில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவதால், டொராண்டோவில் குளிர்காலத்துக்கு முன் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துக்கொள்வார்கள். அந்த எண்ணெய் அதற்கென்றே தயாரிக்கப்படுவது.

தார் கலந்த கறுப்பு அடிப்பூச்சு கல்லடியைத் தாங்கும். ஆனால் சில ஆண்டுகளில் அது இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியிருக்காது. மடிப்புகளுக்கும் உள்ளறைகளுக்கும் மெழுகு வகைப் பூச்சே ஏற்றது. எந்தப் பூச்சானாலும் சேற்றின் மீதும் துருவின் மீதும் அடித்தால், பணம் கொடுத்துத் துருவை ஒளித்து வைத்ததாகவே முடியும். பூச்சு வடிகால் துளைகளை அடைத்துவிட்டதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும்.

துரு கண்ட பிறகு

மேலோட்டமான துரு என்றால் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, எபாக்சி பிரைமரும் பெயின்டும் அடித்தால் நின்றுவிடும். ஸ்குருடிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதே வழி. சஸ்பென்ஷன் மேல்முனை சக்கரக் குழியின் உட்புறத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே துரு ஏறியிருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

டிங்கரிங் கடைகளில் துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துத் தருவதும் உண்டு. பழைய கார் வாங்குபவர்கள் சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோகலாம். சக்கர வளைவின் மேல் அதை நகர்த்தினால், தகடு உள்ள இடத்தில் பிடிக்கும். பட்டி தடித்துள்ள இடத்தில் வழுக்கும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்கும்போது வண்டி ஓடும் தகுதியில் உள்ளதா என்று பரிசோதிப்பார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய காரை வாங்குபவர், விலை பேசும் முன் நான்கு குழிகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.