உங்களுக்குத் தெரியுமா? ஆம்பூர் பெட்டியும் ஐந்தாண்டு விசாவும்

ஐரோப்பா கிளம்பும் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வியாபாரியின் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத் தோல் துண்டுகள் இருக்கும். மிலான் நகரின் லீனியாபெல்லே கண்காட்சியிலோ, ஜெர்மனியில் ஷூ வாங்குபவரின் மேசையிலோ விரித்துக் காட்டத்தான். தொட்டுப் பார்க்காமல் யார் ஆர்டர் கொடுப்பார்?

இந்தப் பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். முன்பெல்லாம் அடிக்கடி போகிறவர்களும் மறுபடி மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 18-ல் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்கும். அதன் பின் வழக்கமாக ஐந்தாண்டு விசா. பாஸ்போர்ட்டில் அத்தனை காலம் மிச்சமிருக்க வேண்டும், இதைக் கோட்டைவிடக் கூடாது! எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது.

சலுகை வந்து இரண்டு மாதம் ஆகும் முன்பே, ஜூன் 11-ல், கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆனது தனிக்கதை.

விசாவின் பெயரில் இருக்கும் ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் திராட்சை விளையும் ஒரு சிற்றூர். 1985-ல் அங்கே மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில்தான் ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலாற்றங்கரைத் தோல் வியாபாரிகளின் பாஸ்போர்ட்டில் அந்த மொசெல் கரை ஊரின் பெயர்!