மலடு என்னும் சொல்லும் நம்பகமான வைத்தியமும்: ஒரு சமூகவியல் நோக்கு

நோய் உடலிலே தோன்றுவது. ஆனால் அந்நோய்க்குச் சமுதாயம் இடும் பெயர் உடலிலே தோன்றுவதன்று. குழந்தைப்பேறின்மையை ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கருத்தடை முறை எதனையும் கைக்கொள்ளாது பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ ஒழுங்காகக் கூடிவாழ்ந்தும் கருத்தரியாமையே கருவளமின்மை எனப்படும். இது தம்பதியர் இருவரையும் ஒருங்கே குறிக்கும் வரையறை. நமது வழக்கிலோ 'மலடி' என்னும் சொல் பெண்ணை மட்டுமே சுட்டுகிறது. 'மலடன்' என்ற ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு. ஆயினும் ஒழுங்கையிலும் கிணற்றடியிலும் அது வழங்குவது அரிது. இவ்விரு வரையறைகளுக்கும் இடைப்பட்ட தூரத்திலேதான், குழந்தையை நாடும் தம்பதியர் யாரை நம்புவது என்ற வினாவும் எழுகிறது. அவ்வினாவுக்குரிய விடையைச் சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்கித் தேடுதலே பொருத்தமாகும்.

1

மலட்டு நிலம், மலட்டுப் பசு, மலட்டுப் பெண் என ஒரே அடைமொழி மூன்றினுக்கும் வருதல் தற்செயலானதன்று. நிலமும் கால்நடையும் செல்வத்தின் அளவைகளாயிருந்த வேளாண் சமுதாயத்திலே, பெண்ணும் விளைவைக் கொண்டே மதிக்கப்பட்டாள். தனியுடைமையின் தோற்றத்தோடு, தன் சொத்தைத் தன் பிள்ளைக்கு உறுதியாகக் கையளிக்க வேண்டிய தேவை ஆணுக்கு ஏற்பட்டதையும், ஒருதார மணம் அத்தேவையோடு பிணைந்ததையும் ஏங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் எடுத்துரைத்தார். புறநானூற்றின் 188ஆம் பாடலில், செல்வம் நிறைந்தோராயினும் பிள்ளையில்லாதவரின் வாழ்நாள் பயனற்றது என்ற கருத்தைப் பாண்டியன் அறிவுடைநம்பி கூறுகிறான். மன்னன் வாயிலிருந்து இக்கருத்து வருதல் கவனிக்கத்தக்கது. உடைமை மிக்கோருக்கே வாரிசின்மை பெருங்கவலையாகும். அக்கவலை காலப்போக்கிலே உடைமையற்றோருக்கும் பொது விழுமியமாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, பிள்ளையின்றி இறந்த மனைவியின் சீதனம் அவள் பிறந்த குடும்பத்தாருக்கே மீளும். மஞ்சள்நீர் அருந்திப் பிள்ளையைச் சுவீகரிக்கும் வழக்கையும், அதற்கு உரித்துடைய உறவினரின் இசைவு வேண்டப்பட்டதையும் அத்தொகுப்பிலே காண்கிறோம். பிள்ளைப்பேறு என்பது காணியினதும் சீதனத்தினதும் செல்வழியைத் தீர்மானிக்கும் நிகழ்ச்சியாக இருந்தமையாலேயே, கணவன் மனைவி இருவருக்குள் அடங்கவேண்டிய துன்பம் சுற்றத்தார் அனைவரதும் விசாரணைக்குரிய பொருளாயிற்று.

இவ்வுண்மையை நாவல் வடிவிலே புலப்படுத்தியது பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010). குடியேற்ற ஆட்சிக்காலத்துத் திருச்செங்கோட்டுச் சூழலிலே, ஒருவரையொருவர் நேசிக்கும் காளியும் பொன்னாவும் பிள்ளையின்மையால் அடையும் அவமானங்களை அது விரித்துரைக்கிறது. கசப்புச் சாறு அருந்துதல், வறடிக்கல்லைச் சுற்றுதல் என அவர்கள் நாடும் பரிகாரங்கள் பல. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாவலுக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. 2015 ஜனவரியில் ஆசிரியர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மலடி என்று பெண்ணைத் தூற்றுவதைப் பொறுத்துக்கொண்ட சமுதாயம், அத்தூற்றலின் விளைவை எழுதியதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

2

இனி, அறிவியல் கூறுவதை நோக்குவோம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளர்ந்தோருள் ஏறத்தாழ 17.5 சதவீதத்தினர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர், தம் வாழ்நாளில் கருவளமின்மையை எதிர்கொள்கின்றனர். உயர் வருமான நாடுகளில் இது 17.8 சதவீதமாகவும், இடைநிலை மற்றும் தாழ் வருமான நாடுகளில் 16.5 சதவீதமாகவும் உள்ளது. துன்பத்தின் பரவலில் நாடுகளுக்கிடையே பெரும் வேறுபாடில்லை. வேறுபாடு, பரிகாரத்தை அடையும் வசதியிலேயே காணப்படுகிறது.

காரணங்களைப் பொறுத்தவரையில், ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடத்து ஆண்பாற் காரணம் தனித்தோ பெண்பாற் காரணத்தோடு இணைந்தோ காணப்படுகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றின் குறைபாடுகள் ஆண்பாலன. சூலகத்திலிருந்து சூல் ஒழுங்காக வெளியேறாமை, பலோப்பியன் குழாய் அடைபடுதல், கருப்பையின் உட்படலம் கருப்பைக்கு வெளியே வளர்தல் முதலியன பெண்பாலன. எவ்வளவு தேடியும் காரணம் புலப்படாத தம்பதியரும் உளர். ஆகவே பரிசோதனையின் தொடக்கப்புள்ளி இருவரும் ஆதல் வேண்டும். விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது, உடலை வருத்தாதது. அவ்வாறிருந்தும், மனைவி ஆண்டுக்கணக்காக மருந்துண்டு, ஸ்கான் செய்து, சத்திரசிகிச்சைக்கும் உட்பட்ட பின்னரே கணவன் ஆய்வுகூடத்துக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. இங்கு காலத்தை விரயஞ்செய்வது அறியாமை மட்டுமன்று. ஆணின் மானம் எனப்படும் கருத்தியலுமாகும். பெண்ணின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதங்களிலேயே ஆலோசனை பெறல் வேண்டும் என்பது வைத்தியர் பலரதும் கருத்தாதலின், அவ்விரயத்தின் விலை மிகப் பெரிது.

3

வழிகாட்டலை நாடுவோர்முன் இன்று மூன்று குரல்கள் ஒலிக்கின்றன: நேர்த்தி, சந்தை, வதந்தி. இவை மூன்றையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று.

கந்தசஷ்டி விரதமிருத்தல், அரசமரத்தைச் சுற்றுதல், கோயில் மரத்திலே தொட்டில் கட்டுதல் ஆகியவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் முற்போக்காளர் சிலரின் வழக்கம். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்ற பழமொழி வெறும் சமையற்கட்டு உண்மையையே கூறுவது. அதனைச் சஷ்டியில் விரதமிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் எனத் திரித்துப் பொருள்கொள்ளும் வழக்கு, மக்களின் ஏக்கம் மொழியையே தன்பக்கம் வளைத்துக்கொண்டமைக்குச் சான்று. மார்க்ஸ் மதத்தை ஏமாற்றாக மட்டும் காணவில்லை. உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் கண்டார். தொட்டில் கட்டும் பெண்ணுக்குத் தன் துயரைப் பலரறிய வெளிப்படுத்த ஓரிடமும், தன்னையொத்த பெண்களின் துணையும் கோயில் வீதியிலே கிடைக்கின்றன. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் தனியார் ஆலோசனையில் இவை கிட்டுவதில்லை. நேர்த்தி கருவை உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆயின் அது நிரப்பும் வெற்றிடம் எது என்பதை அறியாது அதனை ஏளனஞ்செய்தல் விமர்சனமாகாது.

சந்தையின் குரல் வேறு வகையினது. 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலே, உடலுக்கு வெளியே கருக்கட்டப்பட்ட முதற் குழந்தை பிறந்தது. ஸ்டெப்டோ, எட்வேட்ஸ், பேர்டி ஆகிய மூவரின் கூட்டுழைப்பால் விளைந்த சாதனை அது; எட்வேட்சுக்கு 2010இல் நோபல் பரிசும் கிட்டியது. மானுட அறிவின் இப்பெரும் பேறு, பண்டமாக மாறியதும் நம்பிக்கையை விற்கும் வாணிபமாயிற்று. இலங்கையில் 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் தனியார் வைத்தியத்துறையை விரிவடையச் செய்த சூழலிலே, இவ்வாணிபத்தின் பளுவைத் தாலிக்கொடியை அடகுவைத்தும் காணியை ஈடுவைத்தும் சுமப்போர் நடுத்தர, அடித்தட்டு மக்களே. 2022இல் தமிழ்நாட்டின் ஈரோட்டில், பதினாறு வயதுச் சிறுமியொருத்தியின் சூல்கள் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டு விற்கப்பட்டமை வெளிவந்தது. ஒரு வர்க்கத்தின் பிள்ளைக் கனவு இன்னொரு வர்க்கத்தின் சிறுமியுடலைச் சுரண்டித் தீர்க்கப்படலாம் என்பதை அது நாட்டியது.

மூன்றாவது குரலே நமது நாட்டுக்கு மிகப் பயங்கரமானது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை உணவிற் கலக்கப்பட்டதாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் காணப்பட்டவை மாக்கட்டிகளே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். 2019இல் குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர், ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார் எனச் செய்தி வெளியிடப்பட்டு, அவர் கைதுசெய்யப்பட்டார். அக்குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. இதனை இனவாதிகளின் சூழ்ச்சி எனக் கூறி அமைதல் போதாது. நூற்றுக்கணக்கான பெண்கள் அப்போது முறைப்பாடு செய்தனர். ஒரு பிள்ளை பெற்ற பின் மறுபிள்ளை கிட்டாமை மருத்துவம் நன்கறிந்த நிலை. அதனை அவர்களுக்கு யாரேனும் முன்னரே அமர்ந்திருந்து விளக்கியிருந்தால், இனவாதம் தந்த விளக்கத்தைப் பெண்கள் நாடவேண்டிய தேவை குறைந்திருக்கும். நம்பகமான வழிகாட்டல் இல்லாதவிடத்திலே துயரம் இன்னோர் இனத்தின்மேற் பகையாக மாற்றப்படுகிறது.

4

அவ்வாறாயின், நம்பகத்தின் அளவுகோல் யாது? பட்டமும் பதவியும் மட்டும் போதா என்பதற்குக் கல்கத்தாவின் வரலாறு சான்று. 1978 ஒக்டோபரில், ஓல்டாம் குழந்தை பிறந்து சில வாரங்களிலேயே, சுபாஷ் முகர்ஜி என்னும் வைத்தியரின் முயற்சியால் அங்கும் அத்தகைய குழந்தையொன்று பிறந்தது. அரசு நியமித்த குழு அவரது கூற்றை நிராகரித்தது. வெளிநாடு சென்று ஆய்வை முன்வைக்கவும் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1981இல் அவர் மாண்டார். 1997இல் அவரது குறிப்புகளை ஆராய்ந்த ஆனந்தகுமார் என்னும் விஞ்ஞானியே அவருக்குரிய இடத்தைப் பெற்றுக்கொடுத்தார். விளம்பரப் பலகை, அதிகாரக் குழு ஆகிய இரண்டும் சரிபார்ப்பைத் தவிர்ப்பன. சரிபார்க்க இடந்தருவதே நம்பத்தக்கது.

இக்கோட்பாட்டை நடைமுறைக்குக் கொணரின் சில அடையாளங்கள் பெறப்படும். முதலாவது, கணவனையும் மனைவியையும் ஒருங்கே அழைத்துப் பரிசோதிக்கும் வைத்தியரே நம்பத்தக்கவர். இரண்டாவது, காரணம் இன்னதென்று விளக்கிய பின்னரே சிகிச்சை தொடங்கப்படல் வேண்டும். பரிசோதனை முடிவுகளின் பிரதிகள் தம்பதியர் கையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, வெற்றிவீதம் கூறப்படுமிடத்து அது எதன் வீதம் என வினவுதல் அவசியம். கருத்தரிப்பு உறுதியான வீதம் வேறு; உயிருடன் குழந்தை பிறந்த வீதம் வேறு. தொடங்கிய சிகிச்சைச் சுற்றுகள் அனைத்தையும் கணக்கிற்கொண்டு, பெண்ணின் வயதுக்கேற்பப் பிரித்துக் கூறப்படும் பின்னைய வீதமே பொருளுடையது. நான்காவது, சூலகம் மிகையாகத் தூண்டப்படுதல், பல குழந்தைகள் ஒருங்கே உருவாதல் போன்ற ஆபத்துகளைக் கேளாமலே எடுத்துரைப்பவர் நேர்மையாளர். ஐந்தாவது, மேலதிகச் சிகிச்சைகளுக்குச் சான்று கேட்டல் வேண்டும். கருப்பையின் உட்படலத்தைச் சிறிது கீறிவிட்டால் கரு பதியும் என்று கூறிப் பல நாடுகளில் கட்டணம் பெறப்பட்டது. 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று அதனாற் பயனெதுவும் காணவில்லை. ஆறாவது, எப்போது நிறுத்தலாம் என்பதையும், தத்தெடுத்தல், பிள்ளையின்றி நிறைவாக வாழ்தல் ஆகியனவும் வாழ்வின் வழிகளே என்பதையும் கூறத் துணிபவரே உண்மையான வழிகாட்டியாவார். சந்தைக்கு நிறுத்தத் தெரியாது.

எனினும் இவ்வினாக்களைத் தொடுக்கும் கடமையைத் துயருற்ற தம்பதியர் தோளில் மட்டும் ஏற்றிவிடுதல் நீதியன்று. பிரித்தானியாவில் 1991 முதல் இயங்கும் கருவள ஒழுங்குமுறை அதிகாரசபை, சிகிச்சை நிலையங்களின் பெறுபேறுகளை வெளியிடுவதோடு மேலதிகச் சிகிச்சைகளின் சான்றுவலுவையும் தரப்படுத்துகிறது. அங்கும் தனியார் வாணிபம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் வணிகனின் கூற்றைப் பொதுமக்கள் ஒப்புநோக்க ஒரு கருவி உண்டு. இந்தியாவும் 2021இல் இத்துறைக்கெனச் சட்டமியற்றியது.

இலங்கையிடம் வேறொரு பலமுண்டு. இலவச சுகாதார சேவையும், வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் மக்கள் போராடிக் காத்துக்கொள்ளவேண்டிய சொத்துகள். தம் பிரதேசத்துத் தம்பதியரைப் பதிவேட்டில் குறித்துவைப்பவர் அவ்வுத்தியோகத்தரே. பிள்ளை கிட்டாத தம்பதியர் முதன்முதல் அணுகக்கூடிய, கட்டணம் கேளாத, ஒழுங்கை அறிந்த வழிகாட்டியும் அவரே. அவரிடமிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து அரசினர் வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கும் வழியுண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நெடுங்காலம் அளிக்கப்பட்ட முக்கியத்துவத்தில் ஒரு பங்கேனும் இவ்வழியைச் செப்பனிட அளிக்கப்படல் வேண்டும். பிள்ளை வேண்டாமெனும் உரிமையும் வேண்டுமெனும் உரிமையும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

தமிழாய்வாளர்களாகிய நமக்கும் இதிலே பணியுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் கிறீன், மகப்பேற்று வைத்தியம் உட்பட மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரது நோக்கம் மதப்பரப்பலோடு பிணைந்திருந்தது உண்மையே. ஆயினும் தன் உடலைப் பற்றித் தன் மொழியில் அறியும் வாய்ப்பை அவ்வுழைப்பு திறந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடமும் உண்டு, தமிழ்த்துறையும் உண்டு. இவ்விரு துறையினரும் ஒருங்கிணைந்து, கருவளமின்மை பற்றிய எளிய கைந்நூலொன்றை ஆக்கிக் கிராமிய கிளினிக்குகள்தோறும் மலையகத் தோட்டங்கள்தோறும் சேர்த்தல் கைகூடாத காரியமன்று. அந்நூலிலே 'மலடி' என்ற சொல் இடம்பெறத் தேவையில்லை. கணவனும் மனைவியும் எந்த நாளில், எந்தப் பரிசோதனைக்கு, எங்கு செல்லல் வேண்டும் என்பது அதன் முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.