தையல் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தையல் என்ற சொல்லுக்குத் துணி தைப்பது என்று மட்டும் பொருளில்லை. அழகு என்றும் பெண் என்றும் அகராதி பொருள் கூறுகிறது. இதைத் தமிழ் வகுப்பில் கேட்ட அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, என் தாயார் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றிவிட்டு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து, கிழிந்த பாவாடைக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்க என்னை அழைத்தார். கண் முன்போல் இல்லை. வீட்டிலிருந்தபடியே பாவாடையும் நைட்டியும் தைத்துக் கொடுத்தால் தறிக்கூடத்து இரைச்சலிலிருந்து விடுபடலாம் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசையின் பொருட்டு நான் கற்றுக்கொண்ட சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் ஏமாந்த கதை. சென்ற ஆண்டு ஒரு விளம்பரத்தைப் பார்த்து, 1,900 ரூபாய்க்குச் சிறிய பிளாஸ்டிக் தையல் இயந்திரம் ஒன்றைப் பார்சலில் வரவழைத்தோம். வீட்டில் படித்தவள் நான் என்பதால் தேர்ந்தெடுத்தவளும் நானே. ஒற்றைத் துணியில் அழகாகத்தான் ஓடியது. பாவாடையில் நாடா கோக்கும் மடிப்பு வந்ததும், துணி நான்காய்க் கூடும் இடத்தில் ஊசி நின்றுவிட்டது, மோட்டார் முனகியது. மூன்றாம் வாரம் உள்ளே இருந்த பல்சக்கரம் தேய்ந்தது. மாற்றுச் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. 1,900 ரூபாய் என்பது எத்தனை நாள் தார் சுற்றிய கூலி என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் மறுநாள் கல்லூரிக்கு வர மனம் வந்திராது.

அது ஏன் தோற்றது என்று அறிய வேண்டுமானால் இயந்திரம் எப்படித் தைக்கிறது என்று பார்க்க வேண்டும். கையால் தைக்கும் ஊசிக்குக் கண் மேலே. இயந்திர ஊசிக்கோ கண் கூர்முனையின் அருகே. ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று, சற்றே மேலெழும்போது நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்தக் கணத்தில் கீழேயுள்ள ஷட்டிலின் கொக்கி வளையத்தைப் பிடித்துப் பாபினைச் சுற்றி இழுத்துச் செல்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் இவ்வாறு ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பூட்டு விழும் இடம் துணியின் நடுவில் இருக்கவேண்டும். மேல்நூல் இறுக்கம் மிகுந்தால் கீழ்நூல் மேலே தலைகாட்டும். குறைந்தால் மேல்நூல் கீழே தொங்கும். கொக்கிக்கும் ஊசிக்கும் இடையே மயிரிழை அளவே இடைவெளி. அந்த அளவு கனத்த துணியிலும் மாறாதிருக்க, உடல் அசையாத இரும்பாக இருப்பது நல்லது. வளையும் பிளாஸ்டிக்கில் அது நிலைப்பதில்லை.

கண்ணை முனையருகே வைத்துப் பூட்டுத் தையல் இயந்திரத்திற்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றது 1846-ல். ஐசக் சிங்கர் பெற்றது 1851-ல். ஏழைகளும் வாங்கும்படி சிங்கர் நிறுவனம் 1856-ல் தவணை முறையைக் கொண்டுவந்ததுதான் எனக்கு இவற்றைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. என் தாயார் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்ததும் ஏறக்குறைய அதே வழிதான்! இயந்திரங்களைக் குறித்து எச்சரித்த காந்தியடிகளே 1924-ல் சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகச் சொன்னார். மனைவி தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைக் கண்ட அன்பில் பிறந்தது அது என்பது அவர் கருத்து. நம் நாட்டில் உஷா இயந்திரங்களைச் செய்த ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1935-ல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது.

இரண்டாம் முறை நான் விளம்பரத்தை நம்பவில்லை. எங்கள் தெருவுக்கு மிஷின் பழுதுபார்க்க வரும் அண்ணாச்சியிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “எந்த மிஷின்னு அப்புறம் பாப்போம் தாயி. உங்க அம்மா என்ன தைக்கப் போறா, அதைச் சொல்லு.” எனக்கு அது தோன்றவே இல்லை. பாவாடை, நைட்டி, பிள்ளைகள் சட்டை, கொஞ்சம் ரவிக்கை என்றேன். அப்படியானால் நேர்தையல் போடும் கறுப்பு மிஷினே போதும் என்றார். சேலைக்குப் பிக்கோ, ஓரம் அடிப்பது, பூவேலை இவைதான் பிழைப்பென்றால் ஊசி இடவலமாகவும் ஆடும் ஜிக்ஜாக் வேண்டும். கால்சட்டைத் துணி நிறையத் தைக்கும் கடைக்காரர்கள் ஷட்டில் பெரிதான அம்பர்லா மிஷின் வைத்திருப்பார்கள். நிமிடத்திற்கு 4,000, 5,000 தையல் போடும் பவர் மிஷின் ஆயத்த ஆடைக் கூடங்களுக்கு உரியது. நம் வீட்டுத் திண்ணைக்கு அல்ல.

இவ்வாண்டு சங்கரன்கோவிலிலும் திருநெல்வேலியிலும் நாங்கள் விசாரித்ததில், ஸ்டாண்டுடன் புதிய கறுப்பு மிஷின் 7,500 முதல் 9,000 ரூபாய் வரை. மேசைமேல் வைக்கும் ஜிக்ஜாக் 10,000-க்கு மேல். எங்களிடம் இருந்ததோ 7,000. ஆகவே பழையதைத் தேடினோம்.

பழைய மிஷினைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அதைப் புதிதாக அடித்துவிடலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்றவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் உள்ளே கோளாறு. ஊசி பொருத்திய தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடினால் தேய்மானம். துணியை நகர்த்தும் பல்லைக் கட்டை விரலால் தடவுங்கள். கூர் மழுங்கியிருந்தால் துணி ஒழுங்காக நகராது. பிறகு நூலில்லாமல் ஒரு தாளை வைத்து ஓட்டுங்கள். துளைகள் சம இடைவெளியில் நேர்கோட்டில் விழவேண்டும். கடைசியாக, நீங்கள் தைக்கப்போகும் துணியையே வீட்டிலிருந்து கொண்டுபோய், நான்காய் மடித்துத் தைத்துப் பாருங்கள். கடைக்காரர் தரும் வெள்ளைத் துண்டுத் துணியில் எல்லா மிஷினும் நன்றாகத்தான் தைக்கும்!

நாங்கள் பார்த்த மூன்றாவது மிஷின் தேறியது. தலை மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல் கனம். தலை, ஸ்டாண்டு, பலகை எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். புது பெல்ட், பாபின் கேஸ், அண்ணாச்சி கூலி 450. மிச்சப் பணத்தில் மோட்டார் மாட்டலாமா என்று வீட்டில் விவாதம் எழுந்தது. கீழே உள்ள பெரிய சக்கரத்தை அளந்தேன்; விட்டம் 12 அங்குலம். தலையிலுள்ள பெல்ட் பள்ளம் 3 அங்குலம். ஆகவே ஒருமுறை மிதித்தால் நான்கு தையல். நிமிடத்திற்கு 75 முறை மிதித்தால் 300. பழகுகிறவருக்கு அதுவே அதிகம். ஆனால் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. 100 வாட் மோட்டார் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 12 யூனிட்தான் என்று தாளில் எழுதிக் காட்டினேன். “கணக்கு சரிதான் ஏட்டி, கரண்டு போனா?” என்றார். எனவே பெல்ட்டையும் வைத்துக்கொண்டு 1,400 ரூபாய்க்கு மோட்டாரும் மாட்டினோம். மீதி 950 ரூபாய் நூலுக்கும் கத்தரிக்கோலுக்கும் போயிற்று.

ஊசி எண்ணை இயற்பியல் மாணவர் உடனே புரிந்துகொள்வர். 14/90 என்றால் ஊசித் தண்டின் குறுக்களவு 0.90 மில்லிமீட்டர். சாதாரணப் பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கு 11, கனத்ததற்கு 16. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகி இறுகிவிடும். மிஷின் எண்ணெய்தான் விடவேண்டும்.

பணமே இல்லாதவர்களுக்கு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்டு. கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், வறுமையில் உள்ள பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் சமூகநலத் துறையில் விண்ணப்பிக்கலாம். தையல் தெரிந்திருக்கவேண்டும், வயது 20 முதல் 40 வரை. என் தாயாருக்கு வயது 44. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களில் யாருக்கும் இது தெரியாது. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாரேனும் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

தறிக்கூடத்தை அவர் இன்னும் முழுவதும் விடவில்லை, அரைநாள் போய்வருகிறார். ஆடித்தபசுக்கு முன் பதினான்கு பாவாடைகளும் ஐந்து நைட்டிகளும் தைத்துக் கொடுக்கவேண்டும். பிக்கோவுக்கு வரும் சேலைகளை அடுத்த தெரு அக்காவிடம் அனுப்பிவிடுகிறோம். ஊசியில் நூல் கோப்பது மட்டும் இப்போதும் என் வேலை.