அறுவைக்குப் பின் ஆயுள்காலக் கட்டுப்பாடு
புது தில்லி: 2011-இல் நிதின் கட்கரியும், 2014-இல் அருண் ஜேட்லியும் உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது நாடறிந்த செய்தி. அறுவையுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை.

இரைப்பை சுருக்கப்படுவதால் முதலில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, சில வாரங்களுக்குப் பின்னரே திட உணவு. உணவுடன் தண்ணீர் பருகக் கூடாது. அரை மணி நேர இடைவெளி தேவை. இனிப்புப் பானங்கள் தலைசுற்றலும் வயிற்றுப்போக்கும் தரலாம். மது விரைவில் தலைக்கேறும். பி12, இரும்புச் சத்து மாத்திரைகள் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தேவைப்படும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த நெறிமுறைப்படி, உடல் நிறை குறியீட்டு எண் 40-ஐ எட்டியவர்களும், தீவிர இணை நோய்களுடன் 35-ஐ எட்டியவர்களும் மருத்துவர் பரிந்துரையின் பேரில் அறுவைச் செலவைக் கோர வழியுண்டு. ஆனால், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக அல்லாமல் வாங்கும் சத்து மாத்திரைகளின் செலவை நிறுவனங்கள் மறுக்கலாம். அறுவைக்குக் காப்பீடு கிடைத்தாலும், அதன் பலனைக் காக்கும் மாத்திரைகளுக்கு நோயாளியே செலவிட வேண்டியுள்ளது.