மண்ணின்றி விளையும் கீரை. மாசு நீங்காத யமுனை

புதுதில்லி: தலைநகர் தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மண்ணில்லா வேளாண்மை இடம்பிடித்து வருகிறது. பால்கனியிலும் சன்னல் ஓரத்திலும் பி.வி.சி. குழாய்களை அடுக்கி, சத்துகள் கரைத்த நீரில் பாலக்கீரை, கொத்தமல்லி, புதினா தொடங்கி தக்காளி, ஸ்ட்ராபெர்ரி வரை வளர்க்கிறார்கள். ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் இம்முறை பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இதன் பின்னே ஓர் அச்சமும் இருக்கிறது. சந்தையில் வாங்கும் கீரை எந்த நீரில் விளைந்ததோ என்ற அச்சம் அது.

அந்த அச்சத்துக்குக் காரணம் யமுனை. 1,376 கி.மீ. நீளமுள்ள இந்நதியில், தில்லியின் வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட தூரம் வெறும் 22 கி.மீ. மொத்த நீளத்தில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான இப்பகுதியில்தான் நதியின் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு சேர்கிறது. நஜஃப்கர் உள்ளிட்ட பெரும் வடிகால்கள் நகரின் கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நதிக்கரையில் விளைந்த காய்கறிகளில் காரீயம் போன்ற கன உலோகங்கள் கலந்திருப்பதை ஆய்வுகள் சுட்டிக்காட்டின. இதையடுத்து 2015 ஜனவரியில், நதி தூய்மையாகும் வரை யமுனையின் வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர்களைச் சாகுபடி செய்யத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. நதியைக் கெடுத்தவர்கள் அந்த விவசாயிகள் அல்லர். ஆனால் தண்டனை முதலில் அவர்களுக்கே வந்து சேர்ந்தது.

செய்முறை என்ன?

மண்ணில் வளரும் செடியும் தனக்கு வேண்டிய கனிமச் சத்துகளை நீரில் கரைந்த நிலையில்தான் உறிஞ்சுகிறது. எனவே 14 கனிமச் சத்துகளையும் உரிய அளவில் நீரில் கரைத்துக் கொடுத்து, வேருக்குக் காற்றும் இலைக்கு ஒளியும் கிடைக்கச் செய்தால் மண் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர்கள் சாக்ஸ், நாப் ஆகியோர் இதைச் சோதனைகளில் நிறுவினர். 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கே இதைச் சாகுபடி முறையாக வளர்த்தெடுத்தார்.

வீட்டில் தொடங்க மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும். மூடியில் துளையிட்டு, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய சிறு வலைக் கிண்ணத்தில் நாற்றை வைத்து, வேர் நுனி சத்துநீரைத் தொடுமாறு பொருத்த வேண்டும். செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். அந்த இடைவெளியில் வேர் சுவாசிக்கும். மோட்டாரும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பிய இந்த எளிய முறை கீரை வகைகளுக்கு ஏற்றது. காய்க்கும் செடிகளுக்கு நீரும் சத்தும் அதிகம் தேவை என்பதால், நீரைச் சுழலச் செய்யும் மோட்டார் பயன்படுகிறது. அறைக்குள் காற்றும் தேனீயும் வராததால் தக்காளிப் பூங்கொத்தைக் கையால் மெல்ல அசைத்து மகரந்தம் உதிரச் செய்ய வேண்டும்.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 5.5 முதல் 6.5க்குள் இருக்க வேண்டும். தொட்டிக்குள் ஒளி புகுந்தால் பாசி படியும். கோடையில் தில்லியின் வெப்பம் 45 டிகிரியை எட்டும்போது, சூடான நீரில் உயிர்வளி குறைந்து வேர் அழுகும். நிலத்தடி நீர் பல பகுதிகளில் உப்பு மிகுந்தது என்பதால் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரை நாடுகிறார்கள். அந்த இயந்திரமோ வடித்துத் தருவதைவிடக் கூடுதலான நீரைப் பெரும்பாலும் கழிவாக வெளியேற்றுகிறது.

நீர் மிச்சம், மின்சாரம் செலவு

இம்முறையில் நீர் மிச்சமாகும் என்பது உண்மை. அமெரிக்காவின் அரிசோனா மாநில நிலவரத்தை வைத்து 2015இல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, ஒரு கிலோ லெட்டூஸ் கீரை விளைய வயலில் 250 லிட்டர் நீர் செலவாகிறது. மண்ணில்லா முறையில் 20 லிட்டர் போதும். ஆனால் வயலில் 1,100 கிலோஜூல் ஆற்றல் செலவாகும் இடத்தில் இங்கே 90,000 கிலோஜூல் தேவை. அதாவது ஒரு கிலோ கீரைக்கு 25 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றல். வெப்பத்தையும் குளிரையும் கட்டுப்படுத்தி, விளக்கெரித்துப் பேணும் பசுமைக் குடிலுக்கான கணக்கு இது. வெயில் படும் பால்கனிக்கு இவ்வளவு ஆகாது. ஆனால் வெயில் எட்டாத அறைக்குள், எல்.இ.டி. விளக்கின் கீழ், குளிர்சாதன வசதியோடு வளர்த்தால் செலவு ஏறிக்கொண்டே போகும்.

சத்து உப்புகளின் கதையும் இத்தகையதே. பொட்டாஷ் தேவைக்கு இந்தியா ஏறக்குறைய முழுமையாக இறக்குமதியையே நம்பியிருக்கிறது. நீரில் முழுமையாகக் கரையும் சிறப்பு உரங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025இல் சீனா இவற்றின் ஏற்றுமதியை இறுக்கியபோது இந்தியச் சந்தையில் நெருக்கடி உணரப்பட்டது. சொந்த வீட்டில் விளைந்தாலும் அந்தக் கீரையின் உணவு கடல் கடந்தே வருகிறது.

காளிம்போங் சோதனை

இந்தியாவுக்கு இம்முறை புதிதன்று. 1943ஆம் ஆண்டின் கொடும் பஞ்சம் வங்கத்தை உலுக்கிய சில ஆண்டுகளில், அம்மாநிலத்தின் காளிம்போங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் இதில் சோதனைகள் நடத்தினார். 1951இல் வெளியான அவரது நூல் 'வங்க முறை' என்றே இதற்குப் பெயரிட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. சரளையும் மணலும் நிரப்பிய தொட்டி, மேலே தூவும் உரக் கலவை, கையால் ஊற்றும் நீர் ஆகியவையே போதும். நிலமற்ற எளியவரும் கையாள வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தகைய முறை இன்று வசதி படைத்தோரின் வரவேற்பறைக்கு விற்கப்படும் அலங்காரப் பொருளாகிவிட்டது.

அதை மீட்டெடுக்க முடியும். தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பாதுகாக்கப்பட்ட சாகுபடிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அங்குள்ள அறிவு அரசுப் பள்ளிகளின் மாடிகளுக்கும் மறுகுடியமர்வுக் காலனிகளுக்கும் சென்றால், குழந்தைகளின் மதிய உணவில் ஒரு பிடி பசுங்கீரையாவது சேரும்.

ஆனால் அதன் எல்லையையும் அறிய வேண்டும். தொட்டி நீரில் கீரையும் தக்காளியும் விளையும். ஒரு நகரம் பசியாற வேண்டிய கோதுமையும் பருப்பும் உருளைக்கிழங்கும் விளையா. பால்கனி உள்ளவர் தன் தட்டைக் காத்துக்கொள்ளலாம். ஓரறையில் ஐவர் வாழும் குடும்பம் சந்தைக் கீரையைத்தான் வாங்கியாக வேண்டும். அவர்களுக்கான பாதுகாப்பு, வடிகால் நீர் முழுவதும் சுத்திகரிக்கப்பட்ட பின்பே யமுனையில் சேர்வதிலும், சந்தைக்கு வரும் காய்கறிகள் முறையாகச் சோதிக்கப்படுவதிலும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தடை, நதி தூய்மையாகும் வரை என்றுதான் விதிக்கப்பட்டது. விவசாயிகளை அப்புறப்படுத்துவதில் காட்டிய வேகத்தை நதியைத் தூய்மையாக்குவதில் ஆட்சியாளர்கள் காட்டவில்லை.