ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீணா?



அக்டோபர் மாதம் செபமாலை மாதம். மாலையானதும் நம் அன்பியங்களில் வீடுவீடாகச் செபமாலை ஒலிக்கிறது. பிற சபைகளைச் சேர்ந்தவர்கள் நம்மிடம் ஒரு கேள்வியை அதிகமாகக் கேட்பதும் இந்த மாதத்தில்தான்: "ஒரே வார்த்தைகளை ஐம்பது தடவை சொல்கிறீர்களே, ஆண்டவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லையா?" கேட்பவர் நம் பகைவர் அல்லர். பல நேரங்களில் அவர் நம் மருமகன், நம் தங்கை, நம் பக்கத்து வீட்டுக்காரர். பதில் தெரியாததால் நாம் ஒன்று கோபப்படுகிறோம். இல்லையென்றால் வெட்கப்பட்டுச் செபமாலையை மறைத்து வைக்கிறோம். இரண்டும் தேவையில்லை.

அவர்கள் எடுத்துக்காட்டும் பகுதி மத்தேயு 6:7. அதை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். நம் திருவிவிலியம் அங்கே 'பிதற்றுதல்' என்கிறது. அவர்கள் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு 'அலப்புதல்' என்ற சொல்லை ஆள்கிறது. 'திரும்பச் சொல்லுதல்' என்ற சொல் இரண்டிலும் இல்லை. வார்த்தைகளைக் குவித்தால் கடவுள் பணிந்துவிடுவார் என்று பிற இனத்தார் எண்ணினார்கள். அந்த எண்ணத்தைத்தான் ஆண்டவர் கண்டிக்கிறார். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் காலையிலிருந்து கூவியதும் அந்த எண்ணத்தில்தான். ஆண்டவரோ, நாம் கேட்கும் முன்பே நம் தேவையைத் தந்தை அறிவார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே நமக்கு ஒரு செபத்தைக் கற்றுத் தருகிறார். அதே செபத்தை ஞாயிறுதோறும் சொல்லும் பிற சபைகளும் உண்டு. அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

திருப்பாடல் 136-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 26 வசனங்களும் ஒரே சொற்றொடரில்தான் முடிகின்றன. எரிகோ வழியில் பர்த்திமேயுவைப் பேசாதிருக்கும்படி பலர் அதட்டினார்கள். அவரோ அதே வேண்டுதலை இன்னும் உரக்கக் கத்தினார். ஆண்டவர் நின்று அவரைக் கூப்பிட்டார்.

அன்று திருப்பாடல்களைப் படிக்கத் தெரியாத எளிய மக்கள், 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை செபம் சொன்னார்கள். அருள் நிறை மரியே செபத்தின் முதற்பகுதி வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்து. லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மார்ட்டின் லூத்தரே 1522-இல் வெளியிட்ட செபநூலில் இந்த வாழ்த்துக்கு இடம் கொடுத்தார். மரியாவிடம் வேண்டுவதற்காக அல்ல, கடவுள் அவருக்குச் செய்த அருளைத் தியானிப்பதற்காக அவர் அதைச் சேர்த்தார். நாமோ தியானிப்பதோடு, நமக்காக வேண்டிக்கொள்ளும்படியும் அன்னையைக் கேட்கிறோம். நமக்கும் கடவுளுக்கும் இணைப்பாளர் இயேசு ஒருவரே. நோயில் கிடக்கும்போது, "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சகோதரரிடம் கேட்பதால் அந்த இணைப்பாளரை யாரும் விட்டுவிடுவதில்லையே!

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஓர் இறப்பு வீட்டில் நாம் செபமாலை சொல்லக் கூடியிருந்தோம். இறந்த தாயின் மகன் வேறு சபைக்குச் செல்பவர். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "மாமா, அம்மா சாகுற வரைக்கும் இதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க. எனக்குத்தான் இது ஒட்டல" என்றார் நம் அன்பியப் பொறுப்பாளரிடம். பொறுப்பாளர் வாதாடவில்லை. "உன் பைபிளிலிருந்து மாற்கு 14-ஐ வாசி, தம்பி" என்றார். கெத்சமனி நிகழ்ச்சியை அவர் வாசித்தார். இயேசு மறுபடியும் சென்று அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்ற இடம் வந்ததும் குரல் தடுமாறியது. அதன்பின் அவர் நம்மோடு சேர்ந்து செபமாலை சொல்லவில்லை. ஆனால் முடியும்வரை உள்ளே, தாயின் அருகில் உட்கார்ந்திருந்தார்.

துயரம் முற்றும்போது புதுச் சொற்கள் வருவதில்லை. கடவுளின் மகனுக்கே அந்த இரவில் பழைய சொற்கள் போதுமானவையாக இருந்தன. கடைசி நாட்களில் அந்தத் தாய்க்கும் அப்படித்தான்.

ஆனாலும், அன்புக்குரியவர்களே, இந்தக் கேள்வி நம்மையும் சற்றுச் சுட வேண்டும். பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்போல நாம் செபமாலை சொல்வதில்லையா? முதல் பாதியைச் சொல்பவர் முடிக்கும் முன்பே மறுபாதியைத் தொடங்கிவிடுவதில்லையா? தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடல் போன்றது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறார். மனம் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தால், மத்தேயு 6:7 நமக்கும் பொருந்தும்.

ஆகவே இன்று மாலை ஒன்று செய்வோம். ஒவ்வொரு மறையுண்மைக்கு முன்பும் அதற்குரிய நற்செய்திப் பகுதியை வாசிப்போம். சிறிது நேரம் மௌனமாக இருப்போம். பிறகு மெதுவாகச் சொல்வோம். வாசலில் நின்று கேட்கும் நம் சகோதரருக்கு, அதைவிட நல்ல பதிலை நம்மால் தர முடியாது.