பாட்டன் பெயர் கிடைத்தது. பாட்டி பெயர் எங்கே?

காலையில் காப்பி இறங்காவிட்டால் நம் வீடுகளில் ஒரு காரியமும் நடப்பதில்லை அல்லவா? அந்தக் காப்பிச் செடியை ஏற்காட்டு மலைக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர் எம். டி. காக்பர்ன் துரை. 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்தவர், ஸ்காட்லாந்து வம்சத்தவர். 1829-ல் சேலத்திலேயே அவருக்கு மார்கரெட் என்று ஒரு பெண் பிறந்தாள். பின்னாளில் கோத்தகிரியில் குடியிருந்து, நீலகிரிப் பறவைகளை வர்ணம் தீட்டி வைத்துப் புகழ் பெற்ற பெண்மணி இவர்தான். 1928-ல், நூறு வயதை எட்டும் தறுவாயில் காலமானார்.

காக்பர்னுக்கு முன்னாலேயே ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகாலும் சேலம், நாமக்கல் சீமைகளும் கும்பினியார் வசமாயின. நிலங்களை அளந்து வரி விதிக்க வந்த ரீடு துரையின் உதவியாளர்களில் ஒருவர்தான் கிளாஸ்கோ நகரத்துத் தாமஸ் மன்றோ.

இப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் இங்கேயே மண்ணுக்குள் போனார்கள். சிலர் இங்கே குடும்பத்தை வைத்தார்கள். அந்தக் குடும்பங்களின் கொள்ளுப் பேரன்களும் பேத்திகளும் இன்று உள்ளூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருந்துகொண்டு, “எங்கள் பாட்டனார் ஸ்காட்லாந்தில் எந்த ஊர்?” என்று தேடுகிறார்கள்.

தேட வழி இருக்கிறது. கும்பினியார் கணக்கில் கெட்டிக்காரர்கள். சென்னை ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதலான அந்த நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எல்லா ஊரிலும் பாதிரியார் இருக்கவில்லை. ஆகவே ஓர் ஊரில் பிறந்த குழந்தையின் பெயர் மாதங்கள் கழித்து வேறோர் ஊர்ப் புத்தகத்தில் ஏறியிருக்கக்கூடும். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்றே சென்னை எழும்பூரில் 1821-ல் ஓர் ஆலயமும் திறந்தார்கள். புனித ஆண்ட்ரூஸ் கோயில் என்று இன்றும் கம்பீரமாக நிற்கிறதே, அதுதான்.

இங்கே ஒரு நூல் அகப்பட்டால், அதைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போகலாம். அங்கே சர்க்கார் ஜனனப் பதிவு தொடங்கியது 1855-ல்தான். அதற்கு முன் எல்லாம் ஊர்க் கோயில் புத்தகங்களே. மிகப் பழையது எர்ரோல் என்ற கிராமத்தினுடையது, 1553-ல் ஆரம்பமாகிறது! ஏறக்குறைய தொள்ளாயிரம் ஊர்களின் புத்தகங்களையும் எடின்பரோவில் ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். இப்போது கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கலாம்.

அதற்காக எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். காக்பர்ன் என்று நாம் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற பெயரை அந்த நாட்டில் ‘கோபர்ன்’ என்று சொல்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதியவர் எப்படி எழுதினாரோ! 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வேறு. காசு போகிறதே என்று குழந்தையின் பெயரைப் பதியாமலே விட்டவர்கள் உண்டு. அந்தக் குழந்தைகள் வளர்ந்து கப்பல் ஏறி இங்கே வந்திருந்தால், தேடுகிறவர் பாடு திண்டாட்டந்தான்.

கை கொடுக்கிற வழக்கம் ஒன்றும் இருக்கிறது. மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற தாத்தாவின் பெயர். அடுத்தவனுக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயர். மூத்த பெண்ணுக்குப் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டியின் பெயர். நம் வீட்டு வழக்கம் போலவே இல்லையா? பேரைத் தாங்குவதால்தான் ‘பேரன்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே பேரன் பெயர் தெரிந்தால் தாத்தா பெயரை ஊகிக்கலாம்.

பெண்களுக்கு அந்த நாட்டுப் புத்தகங்கள் செய்திருக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். குழந்தையின் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையே பெரும்பாலும் எழுதினார்கள். கல்லறைக் கல்லிலும் அப்படியே. மன்றோவின் தாயார் யார் என்று கேட்டால், ‘திருமதி மன்றோ’ என்று மழுப்ப வேண்டியதில்லை. மார்கரெட் ஸ்டார்க் என்று பதில் வருகிறது.

அதே ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவுக்கு வந்து இந்தியப் பெண்ணோடு வாழ்ந்தால்? குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் பெயர், உத்தியோகம் எல்லாம் இருக்கும். தாயின் இடத்தில் ‘சுதேசி ஸ்திரீ’ என்றிருக்கும். அல்லது ஒன்றுமே இராது. பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு வரி எழுத மை இல்லாமலா போயிற்று? அவளே ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், பிறந்த வீட்டில் அழைத்த பெயர் போய் ‘மேரி’ என்ற பெயர்தான் மிஞ்சும். ஸ்காட்லாந்துப் பக்கம் இருநூறு முந்நூறு வருஷம் போகிற ஏணி, நம் ஊர்ப் பக்கம் ஒரே படியில் நின்றுவிடுகிறது.

துரைமார்கள் எழுதிவைத்த உயில்களில் சில வேளை அந்தப் பெயர் எட்டிப் பார்க்கும். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்ததல்லவா! கடிதங்களிலும் அகப்படலாம். சூரத்தில் அப்படி ஒரு கதை நடந்தது. தியோடர் ஃபோர்ப்ஸ் என்ற அபர்டீன் பக்கத்து வர்த்தகருக்கும் எலைசா கேவார்க் என்ற பெண்ணுக்கும் 1812-ல் காதரீன் பிறந்தாள். ஆறு வயது வாக்கில் சிறுமியைத் தகப்பனாரின் ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். 1820-ல் ஃபோர்ப்ஸ் கடற்பயணத்திலேயே இறந்துபோனார். எலைசா எழுதுவித்த கடிதங்கள் எஞ்சின. மகளைத் திரும்பப் பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிட்டவில்லை.

காதரீன் அங்கேயே மணமாகிப் பெண்களைப் பெற்றாள். பெண்ணுக்குப் பெண்ணாக வந்த அந்த வழியில் பிறந்தவர்தான் இளவரசி டயானா! எலைசா ஆர்மீனியப் பெண் என்றே குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். 2013-ல் டயானாவின் தாய்வழி உறவினர் இருவரின் எச்சிலைச் சோதித்தபோது விஷயம் வெளியாயிற்று. தாய் வழியாக மட்டுமே இறங்கும் மரபணு ஒன்று உடலில் உண்டு. அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் இந்தியாவிலேயே காணப்படும் வகை.

டயானாவின் மகன் வில்லியமுக்கும் அது வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் குழந்தைகளுக்கு இறங்காது. ஆண்பிள்ளை அதைக் கொடுக்க முடியாது.